மே மாதம், மொட்டைமாடி அறை, 3.4 கிகாஹெர்ட்ஸ்

கணினியின் மூளையான ப்ராசஸரின் வேகத்தை, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் இருந்தே மாற்றலாம் என்று தெரிந்ததும் யாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஏத்தலாம்?" என்றுதான். டெல்லிக்கு வந்த பிறகு அந்தக் கட்டளைகளை நான் பெரும்பாலும் இறக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இறக்கி வைத்திருப்பதால்தான் கோடையில் என் வேலை நடக்கிறது. எப்படி என்று சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

என் பிழைப்பு வீடியோ எடிட்டிங். டெல்லித் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணம், வளைகாப்பு, ஆர்.கே.புரம் மலை மந்திரில் நடக்கும் விசேஷங்கள், எப்போதாவது ஒரு அரங்கேற்றம். உபுண்டு என்ற லினக்ஸில் கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் ரெண்டர் போடுவேன், அதாவது முழு வீடியோ ஃபைலாக்குவேன். குடியிருப்பது கரோல் பாக்கில் ஒரு மொட்டைமாடி அறை. இந்த ஊரில் அதற்குப் பர்சாத்தி என்று பெயர். வாடகை குறைவு, காற்று வரும், மேலே தளத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. மே மாதம் பிற்பகலில் அந்தத் தளம் என்ன செய்யும் என்பதை டெல்லியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஏசி கிடையாது, கூலர்தான். வெளியே 44 டிகிரி இருக்கும்போது உள்ளே 42 இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

லேப்டாப் பழசு. இன்டெல் ஐ5-8250யூ. 2017-ல் வந்த சிப், நாலு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தற்காலிகமாக வேகத்தை ஏற்றும் டர்போவில் 3.4 வரை போகும். காகிதத்தில் 15 வாட் என்று போட்டிருப்பார்கள். ஆனால் லேப்டாப் தயாரிப்பவர்கள் அதற்கு மேலும் அனுமதிக்கலாம், என்னுடையதில் அனுமதித்திருக்கிறார்கள்.

முதலில் நடப்பதைப் பார்க்க வேண்டும். வேகத்தைப் பார்க்க எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம். வாட்ச் -என்1 என்று போட்டு, அதற்குள் ப்ராக் சிபியூஇன்ஃபோ ஃபைலில் எம்ஹெர்ட்ஸ் என்று வரும் வரிகளை மட்டும் கிரெப் கட்டளையால் பொறுக்கினால் எட்டு த்ரெட்டுக்கும் எட்டு வரி வரும், நொடிக்கொரு தடவை மாறும். பக்கத்தில் இன்னொரு டெர்மினலைத் திறந்து, வெப்பத்தைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை அதே போல ஓடவிடுங்கள். எல்எம்-சென்சார்ஸ் என்ற பேக்கேஜில் அது கிடைக்கும். இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு ரெண்டர் போட்டுப் பார்த்தால் போதும், மீதிப் பாதி தானாகவே புரிந்துவிடும்.

என் மெஷினில் கண்டது இதுதான். ரெண்டர் தொடங்கியதும் எட்டு வரியும் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி நிற்கும். வெப்பம் 70, 85, 96 என்று சில நொடிகளில் ஏறும். 100-ஐ நெருங்கியதும் எட்டு எண்களும் ஒன்றாகச் சரிந்து 1.2-க்கு வரும். கொஞ்சம் ஆறும், மறுபடி 2.8, 3 என்று பாயும், மறுபடி விழும். ஃபேன் மட்டும் விடாமல் அலறிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் இதே கதைதான். ஜனவரியில் இதே லேப்டாப், இதே ஃபேன், இதே வேலை, ஆனால் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது.

காரணம் எளிய கணக்கு. சிப்பில் இருந்து வெளியேறக்கூடிய சூடு, சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப்பின் உச்சவரம்பு 100 டிகிரி. ஜனவரியில் அறை 15 டிகிரி என்றால் வித்தியாசம் 85. மே மாதம் அறை 42 என்றால் 58 மட்டுமே. சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் ஃபேனும் எதுவும் மாறாமலே, வெளியே தள்ளக்கூடிய சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எந்தக் கட்டளையாலும் இதை மாற்ற முடியாது. இருக்கிற வெப்பக் கணக்குக்குள் எவ்வளவு வேலை வாங்குவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அடுத்து மின்சாரக் கணக்கு. ப்ராசஸர் ஓடும்போது செலவாகும் மின்சாரம் வேகத்துக்கும், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். வேகத்தை ஏற்ற வேண்டுமானால் வோல்டேஜையும் ஏற்றியாக வேண்டும். வேகத்தில் 10 சதவீதம் கூட்ட வோல்டேஜிலும் 10 சதவீதம் கூட்டினால், மின்சாரம் 33 சதவீதம் கூடிவிடும். அத்தனையும் சூடுதான். மேலே உள்ள கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் இருப்பதிலேயே விலை கூடியது. வெட்டுவதென்றால் அங்கே வெட்டினால் லாபம்.

சரி, எங்கே வெட்டுவது? லினக்ஸில் இந்த விவகாரம் முழுக்க /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியூ என்ற இடத்தில் ஃபைல்களாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சிபியூ0, சிபியூ1 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் சிபியூஃப்ரீக் என்று இன்னொரு ஃபோல்டர். ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் இப்போதைய வேகம். ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக் நாம் வைக்கும் மேல்வரம்பு, ஸ்கேலிங்_மின்_ஃப்ரீக் கீழ்வரம்பு. சிபியூஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக் என்பது சிப்பின் சொந்த உச்சவரம்பு, அதைப் படிக்க மட்டும்தான் முடியும். எல்லா எண்ணும் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 3.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 3400000. ஒரு சைபர் விட்டுப்போனால் எதிர்பாராத இடத்துக்குப் போய்விடும், தட்டும்போது எண்ணிக்கொள்ளுங்கள்.

இதே ஃபைல்களைக் கையாள சிபியூபவர் என்று ஒரு கருவி இருக்கிறது. உபுண்டுவில் லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக் பேக்கேஜிலும், டெபியனில் லினக்ஸ்-சிபியூபவர் பேக்கேஜிலும், ஃபெடோராவில் கர்னல்-டூல்ஸ் பேக்கேஜிலும் வரும். உபுண்டுவில் அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். கர்னல் அப்டேட் ஆன மறுநாள், இந்தக் கர்னலுக்குச் சிபியூபவர் இல்லை என்று முறைப்பது சகஜம். கையில் வேலை இருக்கும்போது இது வந்தால் நான் பேக்கேஜைத் தேடிக்கொண்டிருக்க மாட்டேன், நேராக ஃபைலிலேயே எழுதிவிடுவேன்.

ஃபைலில் எழுதுவதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சூடோ (நிர்வாகி அதிகாரம் தருவது) எக்கோ (கொடுத்ததை அப்படியே வெளியே தருவது) என்று எண்ணைப் போட்டு, அம்புக்குறியால் ஃபைலுக்குத் திருப்பினால் பெர்மிஷன் டினைட் என்று வரும். "சூடோதான் போட்டேனே!" என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான். அம்புக்குறி போட்டு ஃபைலைத் திறக்கும் வேலையை கட்டளைகளை வாங்கி ஓட்டும் உங்கள் சொந்த ஷெல் செய்கிறது, அதற்கு ரூட், அதாவது நிர்வாகி அதிகாரம் இல்லை. டீ என்ற கட்டளைக்குக் கைமாற்றிவிட்டால் தீர்ந்தது:

எக்கோ 2200000 | சூடோ டீ /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியூ/சிபியூ*/சிபியூஃப்ரீக்/ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக்

நடுவில் உள்ள நட்சத்திரம் எட்டு த்ரெட்டையும் ஒரே வீச்சில் பிடித்துவிடும். சிபியூபவர் வேலை செய்கிறதென்றால் இன்னும் சுருக்கம்: சூடோ சிபியூபவர் ஃப்ரீக்வென்சி-செட் -யூ 2200எம்ஹெர்ட்ஸ். மைனஸ் யூ மேல்வரம்பு, மைனஸ் டி கீழ்வரம்பு, மைனஸ் ஜி கவர்னர்.

கவர்னரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், குழப்பம் அங்கேதான் அதிகம். இந்த நொடியில் எந்த வேகத்தில் ஓடுவது என்று முடிவெடுக்கும் பகுதிக்குத்தான் லினக்ஸில் கவர்னர் என்று பெயர். பெர்ஃபார்மன்ஸ் எப்போதும் மேல்வரம்பிலேயே நிற்கும், பவர்சேவ் கீழ்வரம்பிலேயே. ஆன்டிமாண்ட் 2004-ல் கர்னலுக்குள் வந்த பழைய ஆள், வேலை வந்தால் ஒரே தாவாகத் தாவும். கன்சர்வேட்டிவ் அதே வேலையைப் படிப்படியாகச் செய்யும். யூசர்ஸ்பேஸ் நாம் சொன்ன வேகத்தில் நிற்கும். ஷெட்யூடில் 2016-ல் 4.7 கர்னலோடு வந்தது. எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று வேலைகளைப் பங்கிடும் ஷெட்யூலருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே வைத்து முடிவெடுக்கும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் லேப்டாப்பில் சிபியூபவர் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ போட்டால், பல இன்டெல் மெஷின்களில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டே பெயர்தான் வரும். இப்போது பவர்சேவில் இருப்பதாகவும் சொல்லும். உடனே பதறி, "ஐயோ, இத்தனை நாளா மெஷின் கீழ்வரம்பிலேயே ஓடிட்டு இருந்துதா?" என்று பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவிடுவார்கள். அதே கட்டளையின் முதல் வரிகளில் வேகத்தைக் கையாளும் டிரைவரின் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். இன்டெல்_பிஸ்டேட் என்றிருந்தால் இந்தப் பவர்சேவ் வேறு பவர்சேவ். வேலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும், தேவைப்பட்டால் டர்போவின் உச்சி வரை போகும். பெயர் மட்டும்தான் பழையது. 2015-ல் வந்த ஸ்கைலேக் தலைமுறையில் இருந்து ப்ராசஸரே தன் வேகத்தைத் தீர்மானிக்கும் வசதியும் சேர்ந்துவிட்டது. கர்னல் ஒரு திசையைக் காட்டினால் போதும்.

அந்தத் திசையைக் காட்டும் ஃபைல்தான் எனர்ஜி_பெர்ஃபார்மன்ஸ்_ப்ரிஃபரன்ஸ். பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்_பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்_பவர், பவர் என்று அதில் எழுதலாம். பேட்டரியில் இருக்கும்போது கவர்னரைத் தொடாமல் இதைப் பவர் என்று மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். கரண்ட் போகும் நேரத்தில் எனக்கு அதிகம் உதவுவது இதுதான். பெர்ஃபார்மன்ஸ் கவர்னரில் இருந்துகொண்டு இதை மாற்றப் பார்த்தால் டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி என்று திருப்பி அனுப்பிவிடும். முதலில் கவர்னரைப் பவர்சேவுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் கவர்னர் லேப்டாப்பில் எதற்கு என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. ரெண்டர் போன்ற கனமான வேலையில் எப்படியும் ப்ராசஸர் ஓடக்கூடிய உச்சத்தில்தான் ஓடுகிறது. சும்மா இருக்கும் நேரத்திலும் அதை விறைத்துக்கொண்டு நிற்க வைப்பதில் என்ன லாபம்?

டர்போவை மட்டும் நிறுத்தவும் தனி வழி இருக்கிறது. அதே சிபியூ ஃபோல்டரில் இன்டெல்_பிஸ்டேட் என்ற உள்ஃபோல்டருக்குள் நோ_டர்போ என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் 1 எழுதினால் டர்போ இல்லை, 0 எழுதினால் உண்டு. ஏசிபிஐ-சிபியூஃப்ரீக் என்ற பழைய டிரைவர் ஓடும் மெஷின்களில் பூஸ்ட் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் கணக்கு தலைகீழ், 0 என்றால்தான் நிறுத்தம். எளிமையான வழிதான். ஆனால் என் சிப்பில் டர்போவை நிறுத்தினால் நேராக 1.6-க்கு வந்துவிடும். அது ரொம்பக் குறைவு. மேல்வரம்பு வைத்தால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த எண் சரி என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான். ஒரு சின்ன வீடியோத் துண்டை எடுத்துக்கொண்டு, 2.8, 2.6, 2.4 என்று மேல்வரம்பை இறக்கிக்கொண்டே, டைம் கட்டளையோடு ஒவ்வொரு தடவையும் ரெண்டர் போட்டுப் பார்க்க வேண்டும். இதைப் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்யுங்கள், விடியற்காலையில் செய்தால் கணக்கு பொய்த்துவிடும். கூடவே பார்க்க வேண்டிய இன்னொரு ஃபைல், சிபியூ0 ஃபோல்டருக்குள் தெர்மல்_த்ராட்டில் என்பதன் கீழ் இருக்கும் கோர்_த்ராட்டில்_கவுன்ட். சூடு தாங்காமல் ப்ராசஸர் எத்தனை தடவை பின்வாங்கியது என்று மெஷின் ஆன் ஆனதில் இருந்து எண்ணிக்கொண்டே வரும். ரெண்டருக்கு முன்னும் பின்னும் அதைப் படித்து, வித்தியாசம் சைபராகும் எண்ணில் நின்றுவிட வேண்டும். எனக்கு அது 2.2 கிகாஹெர்ட்ஸில் வந்தது. உங்களுக்கு வேறாக இருக்கும், அறை வேறு, ஹீட்சிங்க் வேறு.

2.2-ல் என்ன கிடைத்தது? எட்டு வரியும் 2.2-ஐ ஒட்டியே அசையாமல் நிற்கின்றன. வெப்பம் 85-க்குள் அடங்குகிறது. ரெண்டர் நேரம் முன்பிருந்த அளவேதான், நல்ல வெயில் நாளில் முன்பைவிடச் சீக்கிரமே முடிகிறது. 3-க்கும் 1.2-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்த போது சராசரி எப்படியும் இதன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. ஃபேன் சத்தம் பாதியாகிவிட்டது, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நாதஸ்வரம் எங்கே பிசிறுகிறது என்று கேட்க முடிகிறது. கீபோர்டின் இடதுபக்கம் கை வைக்க முடிகிறது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சட்டென்று ஒரு ஆப்பைத் திறப்பது, ஒரு பக்கத்தை ஏற்றுவது மாதிரியான ஒரு நொடி வேலைகள் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். டர்போவின் பலனே அங்கேதான். நாள் முழுக்க எழுத்து வேலையும் பிரவுசரும் மட்டும் என்றால் இந்த மேல்வரம்பெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை.

வைத்த வரம்பு நிலைப்பது தனிப் பிரச்சினை. இந்த ஃபைல்கள் டிஸ்க்கில் இல்லை, கர்னல் காட்டும் ஜன்னல்கள், அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடும். போதாக்குறைக்கு வேறு சில மென்பொருள்களும் இதே ஃபைல்களில் எழுதிக்கொண்டிருக்கும். உபுண்டுவில் மேல்மூலையில் பவர் மோட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்குப் பின்னால் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டேமன் ஓடுகிறது. நீங்கள் கவர்னரையோ ப்ரிஃபரன்ஸையோ மாற்றி வைத்திருக்க, அந்தப் பொத்தானை யாராவது தொட்டால் அது தன் இஷ்டத்துக்கு எழுதிவிடும். டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்பு மென்பொருளை நிறுவியிருந்தால், அதில் நீங்கள் குறித்து வைத்திருக்கும் கணக்குகளைச் சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் எழுதும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது வம்பு. டிஎல்பிக்காரர்களே மற்றதை நீக்கிவிடச் சொல்கிறார்கள். "மாத்தினேன், ஆனா மாறவே இல்ல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, வேறு யார் அங்கே எழுதுகிறார்கள் என்பதைத்தான்.

நிலைக்க வைக்க நான் எழுதியிருப்பது, மெஷின் ஆன் ஆகும்போது தானாக ஓடும் ஒரு குட்டி சிஸ்டம்டி சர்வீஸ். டைப் ஒன்ஷாட், எக்ஸெக்ஸ்டார்ட்டில் சிபியூபவரின் முழுப் பாதையும் ஃப்ரீக்வென்சி-செட் மைனஸ் யூ 2200எம்ஹெர்ட்ஸும், வான்டட்பை என்பதில் மல்டி-யூசர் டார்கெட். அவ்வளவே.

இதுவரை சொன்னது சூடு மட்டும் எதிரியாக இருக்கும் கதை. எதிரி வேறு யாராகவும் இருக்கலாம். பக்கத்தில் பழைய ராஜேந்தர் நகரில் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் யுபிஎஸ்சிக்குப் படிக்கிறார். ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"அண்ணா, ஒரு பிடிஎஃப் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. விண்டோஸைத் திரும்பப் போட்டும் பாத்துட்டேன். ஏதோ கமாண்ட் அடிச்சா ஸ்பீடு ஏறும்னு சொன்னாங்க, அடிச்சுக் குடுங்கண்ணா."

உபுண்டு பென்டிரைவைச் செருகி, நிறுவாமல் ட்ரை உபுண்டு வழியாகவே பூட் செய்தேன். அதே வாட்ச் கட்டளை. எல்லா வரியும் 400 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியே நின்றது, ஒரு கனமான வேலையைக் கொடுத்தும் அசையவில்லை. கவர்னர் சரி, மேல்வரம்பு சரி, நோ_டர்போ 0. வெப்பம் 50-ஐக்கூடத் தொடவில்லை, த்ராட்டில் கவுன்ட் சைபர். விண்டோஸும் லினக்ஸும் ஒரே இடத்தில் மாட்டினால் கோளாறு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இல்லை. கர்னலுக்கும் கீழே, மெஷினோடு சேர்ந்தே வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரில் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"ஏன் தம்பி, ஆன் பண்ணும்போது கறுப்புத் திரையில ஏதாவது வருதா?"

"ஆமாண்ணா, இங்கிலீஷ்ல நாலு வரி வரும். எஃப்1 தட்டினா போயிடும்."

தட்டாமல் படித்தோம். சார்ஜரை அடையாளம் தெரியவில்லை, எத்தனை வாட் என்று தெரியவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. சார்ஜரை வாங்கிப் பார்த்தேன். ஒரிஜினல் கெட்டுப்போய், விலை குறைவென்று வேறொன்று வாங்கியிருக்கிறார். சில லேப்டாப்களின் சார்ஜர் முனையில், நடுவே ஒரு மெல்லிய பின் இருக்கும். மின்சாரம் அதில் வராது, "நான் இத்தனை வாட்" என்ற தகவல் மட்டும் அதன் வழியாகப் போகும். அந்தத் தகவல் வராவிட்டால் சில மெஷின்களில் ஃபர்ம்வேர் பயந்துபோய் ப்ராசஸரை அடிமட்டத்தில் கட்டிப்போட்டுவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ரீஸ்டார்ட் செய்தோம். 400 போய், எண்கள் துள்ள ஆரம்பித்தன. தம்பி திரையைப் பார்த்தார், சார்ஜரைப் பார்த்தார். "இதுக்கா விண்டோஸைத் திரும்பப் போட்டேன்?" என்றார். மறுநாள் மெட்ரோவில் மண்டி ஹவுஸ் போய், வயலட் லைனுக்கு மாறி நேரு ப்ளேஸில் சரியான சார்ஜர் வாங்கி வந்தார். அந்த 400-ஐ மீறி ஓடவைக்க ப்ராசஸரின் உள் ரெஜிஸ்டரில் கைவைக்கும் வித்தைகளும் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சார்ஜர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல்தானே அது கட்டிப்போட்டது.

அவருக்கு விண்டோஸிலேயே சூடு குறைய ஒரு வழியும் சொல்லி அனுப்பினேன், லினக்ஸ் பக்கம் வராதவர்களுக்கு அது உதவும். கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி /செட்ஏசிவேல்யூஇன்டெக்ஸ் ஸ்கீம்_கரன்ட் சப்_ப்ராசஸர் ப்ராக்த்ராட்டில்மேக்ஸ் 99 என்று தட்டி, அப்புறம் பவர்சிஎஃப்ஜி /செட்ஆக்டிவ் ஸ்கீம்_கரன்ட் என்று தட்ட வேண்டும். 99 சதவீதம் என்று வைப்பதன் விளைவு பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நிற்பதுதான், வேகத்தில் 1 சதவீதம் குறைவது இல்லை. பேட்டரிக்கும் வேண்டுமென்றால் ஏசி என்ற இடத்தில் டிசி போட்டு இன்னொரு தடவை. மேக்புக்கில் இத்தனை நுணுக்கம் கிடையாது. சூடோ பிஎம்செட் -ஏ லோபவர்மோட் 1 என்பதோடு முடிந்தது.

வாடகைக்கு எடுத்த க்ளவுட் சர்வரிலோ வர்ச்சுவல் மெஷினிலோ இதையெல்லாம் தேடாதீர்கள். பெரும்பாலும் சிபியூஃப்ரீக் ஃபோல்டரே இருக்காது, டிரைவர் இல்லை என்று சிபியூபவர் சொல்லிவிடும். வேகத்தின் கடிவாளம் அடியில் இருக்கும் நிஜ மெஷினில் இருக்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லிலும் இதே நிலைதான்.

வோல்டேஜை மட்டும் குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் சூட்டைக் குறைக்கும் அண்டர்வோல்ட் வழி ஒரு காலத்தில் இன்டெல் லேப்டாப்களில் பிரபலமாக இருந்தது. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், பல மெஷின்களில் பயாஸ் (மெஷினின் ஃபர்ம்வேர்) அப்டேட் வழியாக அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதைத் திறப்பதற்காகப் பழைய பயாஸுக்குப் போகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை, வேலை நடந்தால் சரி.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு: 2022-ல் 5.17 கர்னலோடு ஏஎம்டி-பிஸ்டேட் டிரைவர் வந்தது. புதிய ரைஸன்களில் இன்றைய கர்னல் என்றால் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். ப்ரிஃபரன்ஸ் ஃபைல், மேல்வரம்பு எல்லாம் மேலே சொன்ன மாதிரியேதான்.

இதையெல்லாம் தொடும் முன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி ஃபேனைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதிக் காற்று இந்த ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. ஹீட்சிங்க்கின் இதழ்களுக்கு நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். பிரஷ்ஷால் அதை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் மேல்வரம்பையே இரண்டு படி ஏற்றி வைக்கலாம். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றில் சுழலவிட வேண்டாம். கூலரை லேப்டாப்புக்கு நேராகத் திருப்பி வைக்கும் யோசனை எல்லாருக்கும் வரும். அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

தட்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம். மேல்வரம்பை எவ்வளவு இறக்கினாலும் மெஷின் கெட்டுப்போகாது. ஏற்றும்போதும் சிபியூஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக்கில் உள்ள எண்ணுக்கு மேல் அது போகாது. பழையபடி வேண்டுமென்றால் அந்த எண்ணையே ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக்கில் எழுதுங்கள், இல்லையென்றால் ஒரு ரீஸ்டார்ட். சர்வீஸ் எழுதி வைத்திருந்தால் மட்டும் சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் போட வேண்டும். நான் அக்டோபர் கடைசியில் அதைப் போடுவேன், ஹோலி முடிந்ததும் மறுபடி எனேபிள்.